எட்டிலேயே நிற்கும் ரத்தம்

கேள்வி: வணக்கம் டாக்டரம்மா. எங்களுக்குத் தங்கச்சிமடம் பக்கம். என் தங்கைக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பிறவியிலேயே இதயத்தின் கீழறைகளுக்கு நடுவில் ஓட்டை. ஆறு வயதில் ஆபரேஷன் செய்து ஒட்டுப் போட்டு அடைத்தார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் கடைசியாக எக்கோ எடுத்தபோது, ஒட்டின் ஓரத்தில் சின்னக் கசிவு இருக்கிறது, பயமில்லை என்றார்கள். அதற்கப்புறம் போகவில்லை. ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் ரத்தம் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் 8.4. ஐந்து மாதமாக டானிக் கொடுக்கிறோம். இப்போது பார்த்தால் 8.1. ஒரு டாக்டர் சத்துக் குறைவு என்கிறார், இன்னொருவர் இதயப் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும், காரணம் சொல்ல முடியாது என்கிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அப்பப்போ சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் காயும், மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் நின்றுவிடும். யாரும் பார்க்காதபோது பச்சரிசியை அள்ளித் தின்கிறாள். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், இப்போது மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் வலை வேலை பார்க்கிறார். அம்மா பாசி எடுக்கப் போகிறார். அப்பத்தா தினமும் பீட்ரூட் சாறு கொடுக்கிறார். ரத்தம் ஏற்றிவிட்டால் சரியாகிவிடுமா? தங்கை என்னிடம், “மறுபடியும் நெஞ்சைத் திறப்பாங்களாண்ணே” என்று கேட்கிறாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனியாக ஒரு பதில் அனுப்பிவிட்டேன். தங்கையை மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லியிருந்தேன். இங்கே விரிவாக எழுதுவது, இதே நிலைமையில் இருக்கிற மற்ற வீடுகளுக்கும் சேர்த்து. ஓட்டையை அடைத்த பிள்ளைகள் நம் கரையோரத்தில் நிறையப் பேர் வளர்ந்து நிற்கிறார்கள். ஆபரேஷன் முடிந்ததும் நோயும் முடிந்துவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறோம். எக்கோவுக்குப் போவது முதல் வருடம் தவறாது, அப்புறம் மெல்ல மெல்ல நின்றுவிடும். உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை, அதனால் உங்களைக் குறை சொல்லவில்லை.

கடிதத்தின் நடுவில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சாயங்காலக் காய்ச்சல், மெடிக்கல் மாத்திரை, நின்றுவிடும். 8.1 என்ற எண்ணைவிட அந்த வரிதான் என்னை அவசரப்படுத்தியது.

ஒட்டுப் போட்ட இதயத்தில், அதுவும் ஒட்டின் ஓரத்தில் கசிவு இருக்கிற இதயத்தில், ரத்தம் ஒரு சந்து வழியாகப் பீய்ச்சி அடித்துக்கொண்டே இருக்கிறது. அது போய் மோதுகிற இடத்தில் உள்சுவர் தேய்ந்து சொரசொரப்பாகும். சொத்தைப் பல்லிலிருந்தும் வீங்கிய ஈறிலிருந்தும் கிருமிகள் தினமும் கொஞ்சம் ரத்தத்தில் கலப்பது எல்லோருக்கும் நடப்பதுதான். நம் உடம்பு அதைத் துடைத்துப் போட்டுவிடும். ஆனால் இப்படிச் சொரசொரப்பான இடம் கிடைத்தால், படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டுவதுபோல அங்கே பற்றிக்கொண்டு வளரும். இதய உள்ளுறை அழற்சி என்று பெயர். அது தடதடவென்று வருகிற காய்ச்சலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், சாயங்காலம் லேசான காய்ச்சல், பசியின்மை, எடை குறைவு, ரத்தசோகை என்று பதுங்கிப் பதுங்கி நடக்கும். மண்ணீரல் வீங்கலாம். நகத்துக்கு அடியில் சிராய் குத்தியதுபோல மெல்லிய கோடுகள் தெரியலாம். சிறுநீரகத்தையும் தொட்டால், கண்ணுக்குத் தெரியாத அளவில் சிறுநீரில் ரத்தம் போகும்.

இதில் சோகை எப்படி வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் டானிக் ஏன் தோற்றது என்பதற்கு அதுவும் ஒரு விடையாக இருக்கலாம். உடம்பில் எங்காவது கிருமி நாள்பட இருந்தால், கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஒரு பொருளை அதிகமாகச் சுரக்கும். அது குடலிலிருந்து இரும்பு உள்ளே வரும் வழியை அடைக்கும், ஏற்கெனவே சேமித்திருக்கிற இரும்பையும் வெளியே விடாது. கிட்டங்கியில் சரக்கு இருக்கும், கதவு பூட்டியிருக்கும். அந்த நேரத்தில் பாட்டில் பாட்டிலாக டானிக் ஊற்றினாலும் ரத்தம் உண்டாகிற எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேராது.

மெடிக்கல் மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். அது வெறும் பாராசிட்டமாலாக இருந்தால் கெடுதல் குறைவு. ஆனால் “காய்ச்சல், உடம்புவலி” என்று சொன்னால் நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் மூன்று நாளைக்கு ஆன்டிபயாடிக்கும் சேர்த்தே மடித்துக் கொடுக்கிறார்கள். அது கிருமியை அழிக்காது, கொஞ்சம் அடக்கும். காய்ச்சல் நிற்கும், நாமும் நிம்மதியாவோம். அப்புறம் ஆஸ்பத்திரியில் பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனை, எடுத்தால் ஒன்றும் வளராது. எந்தக் கிருமி என்று தெரியாமல் வைத்தியம் பார்க்க வேண்டியதாகிவிடும். இந்த நோய்க்கு ஊசி வழியாக 4 முதல் 6 வாரம் மருந்து கொடுக்க வேண்டும். எந்த மருந்து என்பதை அந்தக் கல்ச்சர்தான் சொல்லும். ஆகவே இதயத்தில் ஒட்டோ, கசிவோ, செயற்கை வால்வோ இருக்கிற பிள்ளைக்குக் காரணம் புரியாத காய்ச்சல் வந்தால், முதல் ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கல்ச்சருக்குப் போக வேண்டும். ஒரு தடவை எடுத்தால் போதாது, வேறுவேறு இடத்தில் குத்தி மூன்று தடவை எடுப்பது வழக்கம். கடையில் வாங்கிக் கொடுத்த மாத்திரையின் அட்டை வீட்டில் கிடந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த நாளில் எதைக் கொடுத்தோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், டாக்டர் திட்டினாலும் பரவாயில்லை.

தங்கைக்கு இதுதான் நோய் என்று நான் சொல்லவில்லை. அது சாதாரணச் சளிக்காய்ச்சலாகவே இருக்கலாம். ஆனால் இது இல்லை என்று உறுதியாகும்வரை மற்றதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

சரி, அது இல்லையென்று தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 8.1 அங்கேயேதான் நிற்கிறது. “இதயப் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்” என்ற பேச்சு எனக்குப் பிடிக்காத ஒன்று. சின்னக் கசிவு மட்டுமே உள்ள 14 வயதுப் பெண்ணின் ரத்தம் எட்டுக்கு இறங்க, கசிவு இருக்கிறது என்பது மட்டும் காரணம் ஆகாது. அதே மாதிரி “சத்துக் குறைவு” என்பதும் பாதி விடைதான். ஐந்து மாதம் சத்து கொடுத்தும் ஏறவில்லையே, சத்து எங்கே போனது? காரணம் தெரியாத சோகை என்று எழுதப்படுகிறவற்றில் பல, காரணம் தேடாத சோகைகள்.

இதில் நானும் தவறியிருக்கிறேன். படித்து முடித்த புதிதில், தொண்டிப் பக்கத்திலிருந்து நான்கு வயதுப் பையனைத் தூக்கி வந்தார்கள். உதடும் நகமும் நாவல்பழம் தின்றதுபோல நீலம். பிறவிக் கோளாறால் கெட்ட ரத்தமும் நல்ல ரத்தமும் கலக்கிற இதயம், இன்னும் ஆபரேஷன் ஆகவில்லை. ஹீமோகுளோபின் 13.5. நான் சீட்டில் “நார்மல்” என்று எழுதிவிட்டேன். மூத்த மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, “யாருக்கு நார்மல்?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். ரத்தத்தில் ஆக்சிஜன் 80 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற பிள்ளையின் உடம்பு, அந்தக் குறையை ஈடுகட்ட சிவப்பணுக்களைக் கூடுதலாகச் செய்யும். அவனுக்கு 17, 18 இருந்திருக்க வேண்டும். 13.5 என்றால் அவன் சோகைப் பிள்ளை. இரும்பு குறைந்த சிவப்பணுக்கள் சின்னதாகவும் விறைப்பாகவும் இருக்கும், நுண்ணிய குழாய்களில் வளைந்து நெளிந்து போகத் தெரியாது. நீலக் குழந்தைகளுக்குத் திடீரென்று நீலம் கூடி மூச்சுத் திணறுவதும், பக்கவாதம்கூட வருவதும் இரும்புக் குறைவோடு சேர்ந்தால் அதிகம். இதை வாசிப்பவர்கள் வீட்டில் அப்படிக் குழந்தை இருந்தால், ஆய்வகச் சீட்டில் “நார்மல்” என்று அச்சாகியிருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். அதற்காக நீங்களாக இரும்பு டானிக்கும் தொடங்காதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டியாவதும் ஆபத்து, பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்போம். உங்கள் தங்கை நீலப் பிள்ளை இல்லை, ஆகவே அவளுக்கு 12க்குக் குறையக் கூடாது என்ற சாதாரணக் கணக்குதான்.

கசிவு ஒரு வழியில் நேரடியாகவே ரத்தத்தைக் குறைக்கலாம். சந்து வழியாகப் பாயும் ரத்தம் ஒட்டின் விளிம்பில் வேகமாக மோதினால், பாறையில் அடித்த அலைபோலச் சிவப்பணுக்கள் சிதறும். கசிவின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. பெரிய கசிவு சும்மா இருக்கும், சின்னதாய் வேகமாய்ப் பீய்ச்சுவது உடைத்துக்கொண்டே இருக்கும். எங்கே மோதுகிறது என்பதுதான் முக்கியம். “சின்னக் கசிவு, பயமில்லை” என்பது இதயத்தின் பளுவைப் பற்றிச் சொன்ன வார்த்தை, ரத்தத்தைப் பற்றி அன்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். காலையில் முதல் சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போகிறதா, கண்ணின் வெள்ளை லேசாக மஞ்சளாக இருக்கிறதா என்று தங்கையிடமே கேளுங்கள். இந்த உடைப்பில் இரும்பும் சிறுநீரோடு போய்விடும், அதனால் மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் இரும்புக் குறைவு போலவே தெரியும். ரத்தத் துளியைக் கண்ணாடியில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் உடைந்த துண்டுகள் தெரியும். கூடவே உடைந்த அணுக்களிலிருந்து வெளியாகும் எல்டிஎச் ஏறியிருக்கும், சிதறிய ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் ஹாப்டோகுளோபின் இறங்கியிருக்கும், புதிதாகப் பிறந்த சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட் கூடியிருக்கும். இந்த நான்கையும் எழுதிக் கேட்டால் ஒரே ரத்தக் குத்தில் முடிந்துவிடும்.

அடுத்தது பச்சரிசி. அப்பத்தா அதற்காகத் திட்டுகிறாரா? திட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். பச்சரிசி, பல்பம், சுவர்க் காரை, விபூதி, மண் என்று மனம் போவது இரும்புக் குறைவின் நல்ல அடையாளம். அரிசி தின்பதால் சோகை வந்தது என்று ஊரில் சொல்வார்கள். பெரும்பாலும் தலைகீழ், சோகையால்தான் அரிசி தின்கிறாள். ஆக, வேறு எது இருந்தாலும் இரும்புக் குறைவும் கூடவே இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. அப்படியானால் ஐந்து மாத டானிக் என்ன ஆனது?

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். “எலிமெண்டல் அயர்ன்”, அதாவது அதில் உள்ள நிஜமான இரும்பு, எத்தனை மில்லிகிராம் என்று பொடி எழுத்தில் இருக்கும். நோயைக் குணமாக்க உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினமும் சுமார் 3 மில்லிகிராம் வேண்டும். தங்கை 35 கிலோ இருந்தால் ஏறக்குறைய 100. பசிக்கும் தெம்புக்கும் என்று விற்கிற பல டானிக்குகளில் ஒரு கரண்டிக்கு அதில் கால் பங்குகூட இருக்காது. பள்ளியில் வாரம் ஒருமுறை தருகிற நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இருக்கிறது, அது சோகை வராமல் தடுக்க, வந்ததைத் தீர்க்க அல்ல. அப்புறம், டானிக்கை எதோடு கொடுக்கிறீர்கள்? காலையில் டீ குடிக்காத வீடு நம் கரையில் ஏது? டீயும் பாலும் இரும்பைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். டீக்கும் மருந்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விட்டு, எலுமிச்சைத் தண்ணீரோடு கொடுக்கலாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஒழுங்காகக் கொடுத்தால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அதே மருந்தை இன்னும் நான்கு மாதம் நீட்டுவது வைத்தியம் இல்லை, அங்கே நின்று யோசிக்க வேண்டும். உங்கள் தங்கை விஷயத்தில் அந்த யோசனை பிப்ரவரியிலேயே வந்திருக்க வேண்டும்.

இரும்பு உள்ளே போகிறது, ஆனால் ஓட்டைப் பானையில் ஊற்றுவதுபோல ஒழுகுகிறது என்றால்? நம் மண்ணில் முதலில் நினைக்க வேண்டியது கொக்கிப்புழு. கடல் தண்ணீர் நனைக்கிற உப்பு மணலில் அது பிழைக்காது. ஆனால் பனங்காட்டு ஓரம், கிணற்றடி, கருவேலங்காட்டுக்குள் ஒதுங்கும் இடம் என்று நிழலும் ஈரமும் உள்ள மணல் அதற்குச் சொர்க்கம். வெறுங்காலில் நடந்தால் தோல் வழியாக உள்ளே போய்விடும். குடலில் கடித்துத் தொங்கும் புழு ஒன்று, அதன் வகையைப் பொறுத்து, ஒரு நாளைக்கு 0.03 மில்லியிலிருந்து 0.2 மில்லிவரை ரத்தம் உறிஞ்சும். கேட்க அற்பமாக இருக்கும். நூறு புழு இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளியில் கொடுக்கிற 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரையை அவள் விழுங்கினாளா, பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாளா என்று கேளுங்கள். மலப் பரிசோதனையும் செய்துவிடலாம், செலவில்லாத சோதனை.

இன்னொரு ஒழுக்கு இருக்கிறது. அதை நீங்கள் கேட்க வேண்டாம், அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். வயதுக்கு வந்துவிட்டாள் என்றால், மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் போகிறதா, கட்டி கட்டியாகப் படுகிறதா, ராத்திரி எழுந்து துணி மாற்ற வேண்டியிருக்கிறதா? கூச்சத்தில் பிள்ளைகள் இதைச் சொல்வதே இல்லை, டாக்டர்களும் அவசரத்தில் கேட்பதில்லை. இதயத்தில் ரத்தம் வேகமாகப் பீய்ச்சுகிற இடம் இருந்தால், ரத்தம் உறைய உதவுகிற வான் வில்பிராண்ட் என்ற புரதம் அங்கே நசுங்கி அறுபடலாம். அப்போது மாதப்போக்கும் மூக்கில் ரத்தம் வடிவதும் கூடும். ரத்தம் உறையாமல் தடுக்கிற ஆஸ்பிரின், வார்ஃபரின் மாதிரி மருந்துகள் சாப்பிடுகிற இதயப் பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்வி கட்டாயம். தலைவலிக்கும் இடுப்புவலிக்கும் கடையில் வாங்கும் வலி மாத்திரைகள் வயிற்றுக்குள் புண்ணாக்கி ரத்தம் கசியவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா வலை வேலை பார்க்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வலைக்கு ஈயக்குண்டு வீட்டிலேயே உருக்கி ஊற்றுகிறாரா? பழைய பேட்டரி ஈயமா? அடுப்படியிலா, முற்றத்திலா? தங்கை பக்கத்தில் உட்கார்ந்து குண்டு கோத்துக் கொடுக்கிறாளா? ஈயம் உருகும்போது எழும் புகையும், கையில் ஒட்டும் தூளும் உடம்புக்குள் போனால், ஹீமோகுளோபின் செய்யும் வேலையையே கெடுக்கும். கொடுமை என்னவென்றால், இரும்பு குறைந்த குடல் ஈயத்தை இன்னும் ஆசையாக உறிஞ்சும். ஈயம் மட்டுமே ரத்தத்தை எட்டுக்கு இறக்குவது அபூர்வம். ஆனால் சோகைக்குக் காரணம் தேடுகிறபோது வலைக்காரர் வீட்டில் இதைக் கேட்காமல் விடக்கூடாது. வயிற்றுவலி, மலச்சிக்கல், படிப்பில் கவனமின்மை இருந்தால் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எப்படியும் ஈயம் உருக்குவதை இன்றைக்கே வீட்டைவிட்டுத் தள்ளி, காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத இடத்துக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். அப்பாவின் தொழிலில் தலையிடுவதாக அவர் நினைக்கக் கூடாது, அவர் உடம்புக்கும் இது பொருந்தும்.

பிறவியிலேயே வருகிற சோகைகளும் உண்டு. தலசீமியாவின் லேசான வகையில் சிவப்பணு சின்னதாக இருக்கும், ஆனால் எட்டுக்கெல்லாம் பொதுவாக இறங்காது. இதயக் கோளாறும் சோகையும் ஒரே வேரிலிருந்து வருகிற அபூர்வ நோய்கள் சில இருக்கின்றன. கட்டைவிரல் அமைப்பில் மாற்றம், வயதுக்கு மீறிய குள்ளம், தோலில் காப்பி நிறத் திட்டு, தட்டணுவும் வெள்ளணுவும் சேர்ந்து குறைவது என்று ஏதாவது தெரிந்தால்தான் அந்தப் பக்கம் போவோம். உறவுக்குள் கல்யாணம் செய்த வீடு என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது முழு ரத்தக் கணக்குச் சீட்டு. ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், அதற்குக் கீழே எம்.சி.வி. என்று ஒன்று இருக்கும், சிவப்பணுவின் பருமன். 80க்கு நன்றாகக் கீழே என்றால் இரும்புக் குறைவு, ஈயம், தலசீமியா பக்கம் போக வேண்டும். 80க்கு மேல் சாதாரணமாக இருந்தால் கிருமி, உடைப்பு, சிறுநீரகம் பக்கம். இரண்டு மூன்று காரணம் ஒன்றாக இருந்தால் எண் நடுவில் நின்று ஏமாற்றும். ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்புச் சோதனையைத் தனியாகப் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது, உடம்பில் கிருமி இருந்தால் அது பொய்யாக ஏறிக் காட்டும். கூடவே, உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. பார்த்தால்தான் அந்தப் பொய் பிடிபடும்.

ரத்தம் ஏற்றலாமா என்று கேட்டீர்கள். படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ, எண் ஏழுக்குக் கீழே போனாலோ ஏற்றத்தான் வேண்டியிருக்கும். மற்றபடி 8.1 இருக்கிற, நடந்து திரிகிற பெண்ணுக்கு அவசரம் இல்லை. ஏற்றினால் எண் ஏறும், எல்லோரும் சந்தோஷப்படுவோம், இரண்டு மாதத்தில் பழையபடி இறங்கும். அதோடு, வேறொருவர் ரத்தம் கலந்தபின் நாம் பார்க்க நினைத்த பல சோதனைகள் குழம்பிவிடும். ஆகவே ஏற்றுவதாக இருந்தாலும் முதலில் எல்லாச் சோதனைக்கும் ரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம். இதயப் பிள்ளைக்கு ஏற்றும்போது மெதுவாக, சில மணி நேரம் எடுத்து ஏற்ற வேண்டும். கடகடவென்று ஏற்றினால் இதயம் தாங்காது. அவளுக்கு இருக்கிற மூச்சு வாங்கலும் இதயம் கெட்டுப்போனதால்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். ரத்தம் நீர்த்துப்போனால் நல்ல இதயமே வேகமாக இறைக்க வேண்டியிருக்கும், கசிவுள்ள இதயத்தில் கசிவு வழியாகப் போவதும் கூடும். சோகை தீர்ந்தால் பாதி மூச்சு வாங்கல் தானாகவே போய்விடலாம்.

பீட்ரூட் சாறு நிறத்தில்தான் ரத்தம், இரும்பு அதில் சொற்பம். அப்பத்தாவின் மனம் நோகாமல் அதை வாரம் ஒருநாள் ஆக்கிவிட்டு, முருங்கைக்கீரை, கேழ்வரகு, முடிந்தபோது ஆட்டு ஈரல் அல்லது சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) என்று மாற்றுங்கள். மீன் தினமும் தின்கிறோமே என்பீர்கள். சூடையும் நெத்திலியும் காரலும் நல்ல சாப்பாடுதான். அவற்றில் இரும்பு அதிகமில்லை, ஆனால் தட்டில் கூட இருக்கும் கீரையின் இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். எட்டில் இருக்கிற ரத்தத்தைச் சாப்பாட்டால் மட்டும் தூக்க முடியாது.

எங்கே போவது என்பது உங்களுக்குப் பெரிய கேள்வியாக இருக்கும். பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் போனால், அங்கே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. குழந்தைகள் பிரிவில் சேர்த்துக் கல்ச்சரும் ரத்தச் சோதனைகளும் தொடங்கச் சொல்லுங்கள். எக்கோவில் ஒட்டின் ஓரத்தை நுணுக்கமாகப் பார்க்க இதயப் பிரிவு வேண்டும் என்று அவர்கள் சொன்னால், அங்கிருந்து மதுரைக்கு இன்னும் 110 கிலோமீட்டருக்கு மேல். அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை, பழைய ஆபரேஷன் சீட்டு, மூன்று வருடத்துக்கு முந்தைய எக்கோ அறிக்கை, இதுவரை பார்த்த எல்லா ரத்தச் சீட்டும் ஒரே பையில் இருக்கட்டும். தடைக்காலம் ஜூன் 14 வரை. அப்பா கரையில் இருக்கிற இந்த நாட்களிலேயே போய்வருவது நல்லது. படகு இறங்கியபின் கூலியை விட்டுவிட்டு வர அவரால் முடியாது என்பது எனக்குத் தெரியும். இடையில் காய்ச்சலோடு திடீரென்று கை கால் வராமல் போனாலோ, பேச்சு குழறினாலோ, மூச்சு திணறினாலோ நேரம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பல் டாக்டரிடமும் ஒருமுறை காட்டுங்கள். ஒட்டின் ஓரத்தில் கசிவு இருக்கிற வரைக்கும், பல் பிடுங்குவதற்கோ ஈறைக் கிளறுவதற்கோ முன்னால் ஒரு வேளை ஆன்டிபயாடிக் கொடுப்பது முறை. நாற்காலியில் உட்காரும் முன்பே “எனக்கு இதயத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது” என்று தங்கையே சொல்லப் பழகட்டும். 14 வயதாகிறது, இனி அவளுடைய நோயின் பெயர் அவளுக்குத் தெரிய வேண்டும்.

கடைசியாக அவள் கேட்ட கேள்வி. மறுபடியும் நெஞ்சைத் திறப்பார்களா? கிருமி இல்லை, இரும்பும் புழுவும் மாதப்போக்கும்தான் காரணம் என்றால் திறக்க வேண்டிய அவசியமே இல்லை, மருந்தோடு முடியும். கிருமி இருந்தாலும் பலருக்கு ஊசி மருந்திலேயே குணமாகிறது, சிலருக்குத்தான் கத்தி தேவைப்படும். கசிவுதான் ரத்தத்தை உடைக்கிறது என்று உறுதியானால் அந்தக் கசிவை அடைப்பதைப் பற்றிப் பேசுவார்கள். இடம் ஒத்துவந்தால் தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாகக் குழாய் செலுத்தியும் அடைக்க முடியும், எல்லோருக்கும் அது பொருந்தாது. இதை அப்படியே அவளிடம் சொல்லுங்கள். “ஒன்றும் இல்லை, சும்மா ஊசிதான்” என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். ஆறு வயதில் அவளை அப்படித்தான் சொல்லிக் கூட்டிப்போயிருப்பார்கள், அவள் மறந்திருக்க மாட்டாள்.

கல்ச்சர் முடிவும் எம்.சி.வி. எண்ணும் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள் தம்பி.